பந்தி வஞ்சனை

— என் கம்பு எங்கமே நீலா? அந்த லேப் வினிதா மேடத்த நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம வுட மாட்டேன்!

— குந்துய்யா. முயல் கூண்டு கழுவி, கண்ணுக்கு சொட்டு ஊத்துற என் பொழப்புல மண்ண வாரிப் போடாத.

— பொழப்பா? என் கண்ணு போச்சுமே! கொருக்குப்பேட்ட கூட்ஸ் யார்டுல சுண்ணாம்பு மூட்டை வெடிச்சு வெந்துபோன கண்ணு. செத்தவங்க கண்ணெடுத்து ரெண்டு தபா வச்சாங்க. ரெண்டு தபாவும் ஒடம்பு ஏத்துக்காம வெள்ளையாப் பூத்துப்போச்சு.

— தெரியாதா எனக்கு? கையப் புடிச்சு இட்டுகினு போனதே நான்தான.

— இன்னொரு தபா வைக்கணும்னா புது மருந்து வரணும்னாங்க. மொதல்ல முயலுக்குக் கண்ணு மாத்தி ஊத்திப் பாக்குறோம், நின்னுச்சுன்னா அப்பால உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னாங்க. அத்த நம்பி வாயப் பொளந்துகினு கீறேன். இப்ப இழுத்து மூடிட்டாங்களாம்! பேமானிங்க!

— கத்தாத. எனக்கும் வயிறு எரியுது. மருந்து ஊத்துன முயலுக்கும் கண்ணு நல்லா கீது, வெறுந்தண்ணி ஊத்துன முயலுக்கும் நல்லா கீது. அப்ப மருந்தாலதான் நின்னுச்சுன்னு எப்டி சொல்றது? அதான் நிறுத்திட்டாங்க.

— யாருகிட்ட கத வுடுறாங்க? தண்ணி முயலுங்க கண்ணு வெளுக்குதுன்னு நீதான வந்து அழுத? சோறுகூட துன்னலியே!

— அழுதேன்.

— அப்பறம் எப்டிமே தெளிஞ்சுது? தண்ணில தெளியுமா? நீல மூடி மருந்து, வெள்ள மூடி தண்ணி. அந்த மேடம்தான் மாத்திக் குடுத்துக்கீது!

— மேடத்த வையாதய்யா. ரெண்டு பாட்டிலும் என் கையிலதான் இருந்துச்சு.

— இன்னாமே சொல்ற?

— தண்ணி முயலு எதுக்குன்னு இன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. அன்னிக்கு ஒண்ணும் தெரியல. வந்து உங்கிட்ட அழுதேன். நீ இன்னா சொன்ன?

— நான் இன்னா சொன்னேன்?

— "வாயில்லா ஜீவன்மே அது. கண்ணு போனா இன்னான்னு எனக்குத் தெரியும். ஒண்ணுக்கு ஊத்தி ஒண்ணுக்கு ஊத்தாம வுடுறது பந்தி வஞ்சனை, எல்லாத்துக்கும் ஊத்து"ன்னு நீதான்யா சொன்ன. நீல மூடியத் தொறந்து எல்லாத்துக்கும் ஊத்துனேன்.