நாலு என்று காட்டிய கதவு

தாஹுவை உறையவிட்டால் கெட்டுப்போகாது, ஆனால் பஞ்சாகிவிடும். சோயாப்பாலைத் திரியவைத்துச் செய்கிற கட்டிதானே, உறைந்து உருகியதும் உள்ளே ஓட்டை ஓட்டையாக ஆகி, எண்ணெயில் போட்டால் வெடிக்கும். பதினோரு வருடமாக எங்கள் சந்து முனையில் காலையில் தாஹு பொரித்து விற்கிறேன். எங்கள் ஃப்ரிட்ஜில் ஏதோ கோளாறு என்று எனக்கு முதலில் சொன்னது அந்தத் தாஹுதான்.

கதவில் நாலு டிகிரி என்றுதான் காட்டியது. உள்ளே தண்ணீர்ப் புட்டியில் பனிக்கட்டி மிதந்தது.

என் கணவர் கஸ்தி இந்தச் சுரபாயாவில் பாதி வீடுகளின் ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்தவர். அவர் வேலை செய்யும்போது விளக்குப் பிடித்தவள் நான். குளிர் எவ்வளவு என்று ஃப்ரிட்ஜுக்குச் சொல்வது உள்ளே இருக்கும் ஒரு சின்ன சென்சார், மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். அது பொய் சொன்னால் ஃப்ரிட்ஜ் அதை நம்பும், கதவிலிருக்கும் எண்ணும் நம்பும். சென்சாரைக் கழற்றி ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீரில் முக்கி, அவருடைய மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரை அது பத்து டிகிரி என்றது. இன்னும் குளிர வேண்டும் என்று நினைத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சந்தையில் புதிய சென்சார் வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்.

அன்று சாயங்காலம் என் மகள் நிங்ரும், பாலிக்பாபானுக்குக் கப்பல் சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவளுக்குத் திருமணமாகி ஒரு மாதம். மாப்பிள்ளை ஹெந்த்ராவுக்கு அங்கே வேலை, கல்யாணம் முடிந்ததும் அவர் முன்னதாகப் போய்விட்டார். போகத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை.

பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, புதிய சென்சாரை மேசை இழுப்பறையில் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று இன்று உங்களிடம் முதலில் சொன்னது முழுப் பொய் அல்ல, இன்ஸ்பெக்டர் அம்மா. முதல் மூன்று நாள் உண்மையாகவே மறந்திருந்தேன்.

நிங்ருமுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய், இன்சுலின் இல்லாமல் சில நாள்கூடத் தாங்காத வகை. ஒரு மாத மருந்தும் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். உறைந்தால் அதன் சக்தி போய்விடும் என்று நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். உருகிய பிறகு பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அந்த வாரம் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த பாத்திரத்தையே துடைத்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன், மூடினேன், கதவில் கை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தேன். எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் நிங்ரும் வாந்தி எடுத்தாள்.

"காத்து புகுந்துடுச்சு போலம்மா," என்றாள்.

எங்கள் ஊரில் எல்லா உபாதைக்கும் இதுதான் பெயர். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் முதுகில் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் சிவக்கச் சிவக்கச் சுரண்டி வெளியேற்ற வேண்டும். அவள் குப்புறப் படுத்தாள். நான் சுரண்டினேன். முதுகெலும்பிலிருந்து விலா வரைக்கும், மீன்முள்போல வரிசையாக. அது காற்று இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நன்றாகத்தான் செய்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு நாள். கப்பல் போய்விட்டது. அந்த ஆறு நாளும் அவள் என் கையால் கஞ்சி குடித்தாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்," என்று என் தோளில் சாய்ந்தாள். கஸ்தி இறந்த பிறகு என் கைகள் அமைதியாக இருந்தது அந்த ஆறு நாள்தான்.

அவளை வீட்டுக்கு அழைத்துவரும் முன்பே புதிய சென்சாரை மாட்டிவிட்டேன். மருந்தும் புதிதாகக் கொடுத்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, தாஹு தாஹுவாகவே இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சரிசெய்தேன்.

மூன்று வாரத்தில் அவளுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள்.

"மாசத்துக்கு ஒருதடவை வரேன்மா."

"கப்பல்லயா?"

"நீந்தியா வருவாங்க?" என்று சிரித்தாள். "நீயும் வாயேன். அங்க தாஹு தின்ன மாட்டாங்களா என்ன?"

அப்படி அவள் இரண்டு முறை கேட்டாள். அங்கே போனால் நான் ஹெந்த்ரா வீட்டுக்கு வந்த விருந்தாளி. இங்கேதான் நான் அம்மா.

எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் நல்ல ஃப்ரிட்ஜ் கிடையாது. எதையாவது அடுத்த வீட்டில் பத்திரமாக ஒப்படைத்து வைப்பது எங்களுக்குப் பழக்கம். பக்கத்து வீட்டுத் துத்திக்கின் மீன் என்னிடம் இருக்கும், எதிர்வீட்டு லீலிஸின் கைக்குழந்தைக்கான பால் இருக்கும். ஒப்படைத்த பொருள் கெட்டால் அந்த வீட்டுக்காரிக்கு அவமானம். நான் இருவரையும் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"என்னடி திடீர்னு என் மீனை வீட்டை விட்டுத் துரத்தறே?" என்றாள் துத்திக். "என் புருஷன்கூட நான் இருந்ததைவிட உன் ஃப்ரிட்ஜுல அது நிம்மதியா இருந்துச்சு."

"கழுவணும் அக்கா. ரெண்டு வாரம் ஆகும்."

"ஃப்ரிட்ஜா, கப்பலா? கழுவ ரெண்டு வாரமா?"

லீலிஸின் பாலை நானே துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து புதிய சென்சாரைக் கழற்றிப் பழையதை மாட்டினேன்.

கணக்குப் போட்டுத்தான் செய்தேன். ஐந்தாம் நாள் வாந்தி, ஆறாம் நாள் ஆஸ்பத்திரி, ஏழாம் நாள் கப்பல். ஒருமுறை நடந்ததுதானே. எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் தெரியும். அரிசிகூட முன்னதாகவே களைந்து காயவைத்திருந்தேன், கஞ்சிக்கு.

நான்காம் நாளிலிருந்து அவள் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தாள். நான் வந்தால் தம்ளரை வைத்துவிடுவாள்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"வெயில்மா. வேற ஒண்ணுமில்ல."

"ரத்தம் சோதிச்சுப் பாத்தியா?"

"கப்பல் ஏறினதும் பாக்கறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனமுறை நோயால் கப்பல் போயிற்று. இம்முறை அவள் நோயை என்னிடமிருந்து ஒளிக்கிறாள். தன் உடம்பின் எண்ணைப் பார்க்கப் பயந்து, ஃப்ரிட்ஜின் எண்ணைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மருந்தெல்லாம் நாலு டிகிரில பத்திரமாத்தான் இருக்கு, நீ கவலைப்படாதே," என்று எனக்கே சொன்னாள். ஏழாம் நாள் அவளே பிஸ்கட் டப்பாவிலிருந்து மருந்தை எடுத்துப் பையில் வைத்தாள்.

துறைமுகத்தில் கூட்டம். அவள் உதடு வெடித்திருந்தது. மூச்சில் அழுகிய பழ வாசனை வந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். பிறகு குணமாகிப் போய்விடுவாள், திரும்பி வரவே மாட்டாள். படியேறும்வரை அவள் திரும்பி, "என்னால முடியலம்மா," என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவள் கையசைத்தாள்.

"இறங்கினதும் போன் பண்ணு," என்றேன்.

கப்பலில் அவள் வாந்தி எடுத்தபோது, கூடப் பயணம் செய்த பெண்கள் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அப்புறம் காற்று புகுந்துவிட்டது என்றார்கள். நல்ல பெண்கள்தான், ஆளுக்கொரு நாணயம் எடுத்து மாற்றி மாற்றிச் சுரண்டியிருக்கிறார்கள். அவள் தூங்குகிறாள் என்று போர்த்திவிட்டிருக்கிறார்கள். மறுநாள் மத்தியானம், கரை தெரிந்தபோது எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே கொண்டுவந்து குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன். வரிகள் கோணல்மாணலாக இருந்தன. இப்படியா அழுத்துவது என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் புதிய சென்சாரைத் திரும்ப மாட்டினேன். அதனால்தான் நீங்கள் அனுப்பிய மெக்கானிக் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். பழையது இழுப்பறையில்தான் இருக்கிறது. ஐஸ் தண்ணீரில் முக்கிப் பாருங்கள்.

துத்திக் தன் மீனைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் என்னிடம் மறுபடி வந்திருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் செய்தாய், இல்லாவிட்டால் எதற்கு மற்றவர்களின் பொருளை மட்டும் வெளியே எடுத்தாய் என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆனால் நீங்கள் அதை ஒரு குற்றம்போலச் சொல்கிறீர்கள், அம்மா. அந்தச் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என்னை நம்பி ஒப்படைத்த எதையும் நான் கெடவிட்டதில்லை.