செவ்வாய்க்கிழமைக்கு என் வெள்ளிக்கிழமை

ஆலைக் குழுவின் அரியணையை அலங்கரித்து அமர்ந்திருக்கும் அண்ணன் லியூபிசாவ் அவர்களே! நல்ல காலணி அணிந்துவந்து எங்கள் சேற்றைச் சகித்துக்கொண்டிருக்கும் நகரசபை விருந்தினர்களே! பத்தாண்டுக்கு முன் இந்த ஆலையின் இடிந்த கூரைக்குள் முட்செடி வெட்டி முதுகு ஒடிந்த என் தோழர்களே! காலையிலிருந்து மிளகாய் சுட்டுக் கண் சிவந்து நிற்கும் தாய்மார்களே! எக்காளம் ஊத வந்து, நான் எப்போது முடிப்பேன் என்று வானத்தைப் பார்க்கும் இளங்காளைகளே! பிஸ்த்ரா ஆற்றங்கரையில் கூடியிருக்கும் பெரியோர் அனைவருக்கும் இந்த விட்டோமிரின் பணிவான வணக்கம்.

நான் படித்தவன் அல்லன். எட்டாம் வகுப்பை நான் தாண்டினேன். ஒன்பதாம் வகுப்பு என்னைத் தாண்டிப் போய்விட்டது. அப்படிப்பட்டவனுக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் என் அறிவல்ல, இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி என் வீட்டு நாள். “நாலு வார்த்தை நன்றி சொல்லு. நண்பகல்ல மதகைத் திற. சக்கரம் சுத்தணும், கேமரா மின்னணும்” என்றார் தலைவர். சொல்கிறேன் அண்ணே. நாலு வார்த்தைதான். ஆனால் என் வார்த்தைகள் கொஞ்சம் நீளமானவை.

நகரத்து விருந்தினர்களே! இந்த மாவு ஆலை ஒருவர் சொத்தன்று, ஏழு வீட்டார் சொத்து. நாளுக்கு ஒரு வீடு. யாருடைய நாளோ, அவர் வீட்டில்தான் மதகின் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைப் பொருத்தித் திருகினால் ஆற்று நீர் கால்வாயில் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். திருகாவிட்டால் ஆறு தன் பாதையில் தானே போகும். மாலையானால் கைப்பிடி அடுத்த வீட்டுக்குப் போகும்.

செவ்வாய் பெய்க்கோ வீட்டு நாள். அந்த வம்சத்தின் கடைசி ஆள் வியன்னாவுக்குக் கூரை வேயப் போனார். பிள்ளையில்லாமல் அங்கேயே மண்ணானார். வீடு விழுந்தது. வாசல்நிலை மட்டும் நிற்கிறது. நிலையில் ஓர் ஆணி நிற்கிறது. அந்த வீட்டு நாளை யார் எடுத்துக்கொண்டார்கள்? அண்டை வீட்டார் எடுத்தார்களா? இல்லை! ஆசைப்பட்டவர்கள் எடுத்தார்களா? இல்லை! திங்கள் வீட்டார் கைப்பிடியைக் கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டினார்கள். புதன் வீட்டார் போய் எடுத்துக்கொண்டார்கள். இல்லாதவன் நாளில் அரைத்த மாவு இருப்பவன் வயிற்றில் தங்காது என்று நம் அப்பன்மார் பயந்தார்கள். பயமோ, பக்தியோ, வாரத்தில் ஒரு நாள் ஆறு முழு ஆறாக ஓடியது.

ஆலையை நாம் மீட்டபோது அந்தச் செவ்வாயையும் சேர்த்துத்தான் மீட்டோம். நினைவிருக்கிறதா? திரிகைக்கல்லைப் பாதிரியார் தோட்டத்தில் கண்டுபிடித்தோம். அதை மேசையாக்கி அவர் ரக்கியாச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார். கல்லைத் தூக்கச் சம்மதித்தார். கோப்பையைக் கீழே வைக்க மறுத்தார். கோப்பையோடும் பாதிரியாரோடும்தான் அந்தக் கல் ஊர்வலம் வந்தது!

சக்கரம் நிற்கும் நாளில்தானே அதன் அடியில் இறங்கி வேலை செய்ய முடியும்? செவ்வாய்தோறும் இறங்கினோம். பாசி சுரண்டினோம். மரவேர்களில் சிக்கிய பிளாஸ்டிக்கை மூட்டை மூட்டையாக எடுத்தோம். நான் வழுக்கி விழுந்ததுதான் அதிகம்; விழுந்து புரண்ட இடத்தைக் கழுவிய இடமாகச் சேர்த்துக்கொண்டார்கள். சக்கரத்துக்குப் பின்சுவரில் முங்கிக் குருவி கூடு கட்டியது. வெள்ளை மார்போடு தண்ணீருக்குள் நடந்து புழு பொறுக்குமே, அந்தக் குருவி. அணையின் கீழ்மடுவில் ஒரு நீர்நாய் குட்டி போட்டது. நாம் ஒரு கல்லைத் தூக்கி நிறுத்தினோம்; ஆறு தன் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

பிறகு பேருந்துகள் வந்தன.

வரட்டும். வந்தவர்களுக்குச் சோளரொட்டி விற்றுத்தான் என் மகள் ஸ்தானியா பிழைக்கிறாள். ஆனால் பேருந்து செவ்வாயும் வந்தது. நின்ற சக்கரத்தைப் பார்த்து முகம் சுளித்தது. போன குளிர்காலத்தில் குழு கூடியது. செவ்வாயை விட்டுத்தர மறுத்த டெசாங்கா அக்காவைப் பார்த்துத் தலைவர் கேட்டார்:

“ஏ டெசாங்கா, ஆத்துக்கு எதுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு? அது என்ன அரசாங்க உத்தியோகமா பாக்குது?”

“உனக்கு வாரம் ஏழு நாளும் லீவாத்தானே இருக்கு? அதை யாரு கேட்டா?” என்றார் அக்கா.

சிரித்தோம். வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்த வாய் மூடுமுன், செவ்வாயும் சக்கரம் சுற்றட்டும் என்று கையைத் தூக்கிவிட்டோம். நான் வாசலுக்கு வெளியே ஆட்டைக் கம்பியில் கோத்துத் தீயில் திருப்பிக்கொண்டிருந்தேன். “உப்பு எங்கே?” என்று கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன், அதையும் சம்மதமாக எண்ணிக்கொண்டார்கள். உப்புக்கு உயர்ந்த கையால்கூட ஓர் ஆற்றை விற்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாயன்று என்ன அரைக்கிறோம்? சோளமா? கோதுமையா? ஒன்றுமில்லை! கல்லோடு கல் உரசாமல் மேல்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வெறும் காற்றை அரைக்கிறோம். காற்றை அரைக்க ஆற்றைக் குடிக்கிறோம்!

ஆகஸ்ட் வந்தது. மழை வரவில்லை. ஏழு நாளும் மதகு திறந்திருந்தது. நீரெல்லாம் கால்வாய்க்குப் போனதால், அணைக்கும் ஆலைக்கும் நடுவே ஆறு இருந்த இடத்தில் கூழாங்கல் இருந்தது. கீழ்மடு குட்டையாயிற்று, குட்டை சேறாயிற்று, புள்ளிமீன்கள் வெயிலில் வயிறு காட்டின. குருவி போய்விட்டது. நீர்நாய்த் தாய் வேறு தண்ணீர் தேடிப் பட்டப்பகலில் சாலையைக் கடந்தது. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கடந்தது. பேருந்து வந்தது.

எந்தப் பேருந்து? நம் சக்கரத்தைப் பார்க்க வந்த பேருந்து!

“பெரிய எலின்னு நெனச்சேங்க” என்றார் ஓட்டுநர். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. டெசாங்கா அக்கா தன் இடுப்பில் கட்டிய முன்துணியை அவிழ்த்து இரண்டையும் மூடினார். பயணிகள் அதைச் சுற்றிக்கொண்டு வந்து ஆலையைப் படம் பிடித்தார்கள். சக்கரம் அழகாகச் சுற்றியது.

அன்று மாலை தலைவரிடம் போய்ச் செவ்வாயைத் திருப்பிக் கேட்டேன். “விடு விட்டோமிர், அந்த நீர்நாயை நாம மறக்கவா போறோம்? விழா பேனர்ல போட்டுரலாம்” என்றார்.

போட்டிருக்கிறார்! என் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். எவ்வளவு பெரிய படம்! எவ்வளவு பளபளப்பு! உயிரோடு இருந்தபோது அதற்கு ஒரு முழம் தண்ணீர் தர முடியவில்லை. செத்த பிறகு இருபது முழம் துணி தந்திருக்கிறோம்.

கைதட்டாதீர்கள். தட்டுகிற கைகள் எல்லாம் அன்று தூக்கிய கைகள்.

பின்வரிசையில் யார் அது? “ஊரு சோத்துல மண்ணைப் போடுறியா?” என்றா கேட்கிறாய்? சரியான கேள்வி தம்பி. அதே கேள்வியை நேற்று என் வீட்டிலும் கேட்டார்கள். ஸ்தானியா அடுப்பில் ரொட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்யப்போவதைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

“வெள்ளிக்கிழமை உங்க நாளுன்னு யாருப்பா சொன்னது? அது என் மாவு.”

“தெரியும்மா.”

“கடை மாவுல சுட்டா நம்ம ரொட்டியை எவன் வாங்குவான்?”

எவனும் வாங்கமாட்டான்தான். ரொட்டி வெந்தது. எடுத்து ஒரு துண்டு பிய்த்து என் சட்டைப்பையில் திணித்தாள். “குடுத்துருங்க. ஆனா மேடையில அழக்கூடாது. போன வருசம் பன்னி செத்ததுக்கே தெருவெல்லாம் அழுதீங்க.”

அழவில்லை மகளே. பார்த்துக்கொள், அழவில்லை.

அவையோரே! நீங்கள் எடுத்துக்கொண்ட செவ்வாயை என்னால் பிடுங்க முடியாது. அத்தனை கை எனக்கில்லை. ஆனால் வெள்ளி என்னுடையது. என் அப்பன் தந்தது, அவர் அப்பன் அவருக்குத் தந்தது. அந்த வெள்ளியைப் பெய்க்கோ வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இன்று முதல் வெள்ளிதோறும் மதகு மூடியிருக்கும், ஆறு ஆறாக ஓடும்.

என்ன அண்ணே, மணியைக் காட்டுகிறீர்கள்? நண்பகலா? கைப்பிடி எங்கே என்கிறீர்களா? இதோ, இந்தப் பையில் பாருங்கள், ரொட்டித் துண்டு. அந்தப் பையில் பாருங்கள், ஓட்டை. கைப்பிடியை விடியற்காலையிலேயே கொண்டுபோய் அந்த வாசல்நிலையின் ஆணியில் மாட்டிவிட்டேன். அந்த வீட்டில் கதவு இல்லை, பூட்டு இல்லை, தடுக்க ஆள் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். சக்கரம் சுற்றியே ஆகவேண்டும் என்பவர், ஊர் பார்க்க நடந்துபோய், அந்த நிலையின் முன் நின்று, இல்லாதவர் வீட்டிலிருந்து தம் கையாலேயே எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் வழிவிட்டு நிற்கிறோம்.

யாராவது எழுந்திருக்கிறீர்களா? இல்லையா? சரி.

எக்காளத் தம்பிகளே, சற்றுப் பொறுங்கள். கேட்கிறதா? சக்கரத்தின் சத்தமல்ல. கல்மேல் தண்ணீர் போகிற சத்தம். மீன் இல்லாத தண்ணீர்தான், குருவி இல்லாத தண்ணீர்தான். இருந்தாலும் போகிறது.

பேச இடம் தந்த தலைவருக்கும், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.