ஒரு வரி நகர்ந்த வாக்குத்தத்தம்

தலைமை ஏற்று அமர்ந்து, மாலையின் கனம் பொறுக்காமல் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட அருள்திரு புகழேந்தி ஐயரவர்களே! பகலெல்லாம் வேங்கிக்கால் அலுவலகத்துக் கணினியோடு போராடிவிட்டு, மாலையில் நம் சபைக் கணினியோடும் போராட வரும் செயலாளர் பிரசாத் அவர்களே! முழங்கால் வலியின் உரிமையில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் அக்கம்பக்கத்துப் பெருமக்களே! எந்த நிமிடமும் எழுந்துபோகத் தோதாக, வாசலோரத்து நாற்காலியைத் தேடி அமர்ந்திருக்கும் என் நாத்தனார் சந்திரகலாவே! அனைவருக்கும் இந்த ஜோதியம்மாளின் ஸ்தோத்திரம், வணக்கம்.

பொத்தானை அழுத்திப் புதிய மென்பொருளைத் தொடங்கி வையுங்கள் என்று என்னை மேடைக்கு அழைத்தார்கள். வந்துவிட்டேன். பொத்தான் இதோ இருக்கிறது. ஆனால் என் விரல் போக மறுக்கிறது. போன பௌர்ணமியிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் நடக்கச் சொல்கிறது, நடந்தால் நின்று யோசி என்கிறது. ஏன்? அதைச் சொல்லாமல் நான் இந்தப் பொத்தானைத் தொடமாட்டேன்.

பிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் தம்பி, நன்றாகப் பாருங்கள். நான் சுருக்கமாகப் பேசி யார் கேட்டிருக்கிறார்கள்?

நம் வேதபாடக் குழுவுக்கு ஒரு பழைய மென்பொருள் இருந்தது. இந்த மண்டபத்து மூலையில், சாம்பல் நிறக் கணினி ஒன்றில் இருந்தது. ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல் வருகிற வசனங்களையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும். பக்கத்திலே நம் குறிப்பை எழுதி வைக்கலாம். அதற்கு நான் அரசி. மறைப்பானேன்? விசைப்பலகையை என்னைத் தவிர வேறொருவர் தொட்டால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

பழையதை உருவாக்கியவர்கள் கடையைக் கட்டினார்கள். கணினியும் இருமத் தொடங்கியது. புதிய மென்பொருள் வேண்டும் என்று பிரசாத் சொன்னார். அது கைபேசியிலும் திறக்கும், பெரிய எழுத்தில் காட்டும், வீட்டிலிருந்தபடியே கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்றார். நான் என்ன சொன்னேன்? "காய்கறிக்காரனிடம் பேசுகிற கருவியிலா வேதம் படிப்பது?" என்றேன். அப்போது எதிர்த்து எழுந்தவள் யார்? அதோ, வாசலோரத்து நாற்காலி!

"அண்ணி, உங்களுக்கென்ன, பக்கத்துத் தெருவுல இருந்து நடந்து வந்துடுவீங்க. நான் அடி அண்ணாமலைல இருக்கேன். பௌர்ணமி வந்தா ரோடு முழுக்க கிரிவலம் போற ஜனம். ஆட்டோ வராது, பஸ் வராது. நான் இன்னா, மலையைத் தாண்டிக் குதிச்சா வர்றது?" என்றாள்.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், உதட்டளவில். வாக்கெடுப்பில் அவள் வென்றாள், புதியது வந்தது.

வெளியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம் கிடைக்கும். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம். அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தருகிற வாக்குத்தத்தம். மருத்துவமனை வாசலில் அதைத்தான் சொல்லிக்கொள்வோம். மகளுக்கு வரன் தட்டிப்போனாலும் அதைத்தான் பிடித்துக்கொள்வோம். எங்கள் பெண்கள் கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருத்தியும் தன் வசனத்தை உரக்க வாசிப்பாள். பழைய மென்பொருளில் ஒவ்வொரு வசனத்தின் பக்கத்திலும் அதற்குரியவளின் பெயரை நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

இந்த வருடம் சந்திரகலாவுக்குக் கிடைத்தது ஐம்பத்தைந்தாம் சங்கீதத்தின் இருபத்திரண்டாம் வசனம். உன் பாரத்தை ஆண்டவர்மேல் வைத்துவிடு, அவர் உன்னைத் தாங்குவார் என்று சொல்கிற வசனம். அவளுக்கு இருக்கிற பாரம் என்னவென்று இந்தச் சபைக்குத் தெரியும். மகன் வீட்டை விட்டுப் போனவன் இன்னும் பேசவில்லை. அட்டையைக் கையில் எடுத்த அன்று அவள் அழுதாள். நான் பார்த்தேன்.

பிரசாத் பழைய குறிப்புகளையெல்லாம் புதியதற்குள் ஏற்றினார். "ஒரு தரம் சரிபார்த்துச் சொல்லிடுங்கம்மா" என்று என்னிடம் கொடுத்தார். நான் என் பெயரைத் தேடினேன். கிடைத்தது. பக்கத்தில் நல்ல வசனம் இருந்தது, நீதிமான் தேவனுடைய முற்றத்தில் செழிப்பான் என்று. எனக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டேன்.

பௌர்ணமி வந்தது. புதிய மென்பொருளில் முதல் கூட்டம். சந்திரகலா தன் வீட்டில் கைபேசியோடு. அவள் குரல் இங்கே ஒலிபெருக்கியில். "திரையில இருக்கிறதை அப்படியே படிங்க, ட்ரையல்தான்" என்றார் பிரசாத். அவளும், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கணீரென்று வாசித்தாள். என்ன வாசித்தாள்? வாயின் சொல் வெண்ணெயைவிட மெதுவாம், நெஞ்சிலோ சண்டையாம். பேச்சு எண்ணெயைப் போல வழுக்குமாம், உள்ளே உருவிய வாளாம்!

அதன் பக்கத்தில் யார் பெயர்? சந்திரகலா.

உடனே சிரிப்பு. யார் சிரித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இப்போது தலை குனிந்திருப்பவர்களை எண்ணினால் போதும். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"அண்ணி, இது உங்க வேலைதானே? ஓட்டுல தோத்ததுக்கு இதுவா? வாய் வெண்ணெய்னு எழுதி வைக்க என் பொழப்புதான் கெடைச்சுதா?"

இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அன்றிலிருந்து கூட்டத்துக்கு வரவில்லை, இன்றுதான் வந்திருக்கிறாள். என் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. என் கணவர் மறைந்த பிறகு ஞாயிறுதோறும் என்னோடு மதியம் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அன்புள்ளவர்களே, ஒருத்திக்கு மட்டும் சமைப்பது எவ்வளவு அலுப்பு தெரியுமா?

நான் அச்சிட்ட வேதாகமத்தை ஒரு பக்கமும் அந்தத் திரையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புரிந்துவிட்டது. பல சங்கீதங்களின் தலையில் ஒரு சிறு குறிப்பு உண்டு: யார் பாடியது, எந்த வாத்தியத்தில் வாசிப்பது என்று. நம் தமிழ் வேதாகமத்தில் அந்தக் குறிப்புக்கு எண் கிடையாது. புதிய மென்பொருள் அதையும் முதல் வசனமாக எண்ணிவிட்டது. ஆகவே நம் இருபத்தொன்றாம் வசனம் அதற்கு இருபத்திரண்டு. எண் அப்படியே வந்தது, வசனம் ஒன்று நகர்ந்தது. அவள் பெயர் பாரத்தை இறக்கி வைக்கிற இடத்திலிருந்து வாளை உருவுகிற இடத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் என் பெயர்? அதுவும்தான் நகர்ந்திருந்தது! முதிர்வயதிலும் கனி தருவார்கள் என்ற வசனம்தான் என்னுடையது. அது ஒரு வரி முன்னே போய், இன்னொரு நல்ல வசனத்தில் விழுந்தது. நல்ல இடத்தில் விழுந்ததால் நான் கவனிக்கவில்லை!

இதுதான், என் சபையாரே, இதுதான் என்னை உட்காரவிடாத கேள்வி. மாற்றம் வரும்போது நமக்கு நல்லதாக அமைந்துவிட்டால், "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுகிறோமா? அடுத்தவள் எங்கே விழுந்தாள் என்று யார் பார்ப்பது? கான்வென்டில் சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், முழுவதும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்பது. மற்றவர்களின் வாசிப்பையெல்லாம் பிழை திருத்திய நான், என் பெயர் இருந்த ஒரே ஒரு வரியை வாசித்துவிட்டுச் சபை முழுவதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

கை தட்டாதீர்கள். இது கை தட்டுகிற இடம் இல்லை.

மற்றவர்களின் பெயர்களையெல்லாம் பிரசாத்தும் நானும் உட்கார்ந்து அவரவர் வசனத்தில் சேர்த்துவிட்டோம். ஒரு பெயரை மட்டும் நான் தொடவில்லை, அவரையும் தொட விடவில்லை. அது எல்லார் காதிலும் விழ நகர்ந்த பெயர். என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திருத்தினால், நான் வேண்டுமென்றே செய்துவிட்டு மறைத்தேன் என்றே அவள் நினைப்பாள். எல்லார் முன்னிலும் போனது, எல்லார் முன்னிலும் திரும்பட்டும்!

பிரசாத், திரையைப் போடுங்கள். அதோ, வெண்ணெய் வசனம். பக்கத்தில் என் நாத்தனார் பெயர். சந்திரகலா, எழுந்து வா. இந்தப் பொத்தான் எனக்கு வேண்டாம். உன் பெயரை உன் விரலாலே உன் இடத்துக்குக் கொண்டுபோ. அதன்பிறகு புதியது தொடங்கட்டும்.

என்ன சொல்கிறாள்? உரக்கச் சொல்!

"மைக்குல வச்சு மானத்தை வாங்காதீங்க அண்ணி!"

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறேன். வா.

எழுந்துவிட்டாள். வழி விடுங்கள் தாய்மார்களே, கைப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயரவர்களே, தயவுசெய்து அந்த நாற்காலியை இப்படிப் போடுங்கள். படியைப் பார்த்து ஏறு சந்திரகலா.

இன்னும் என்ன முணுமுணுப்பு? "கண்ணாடி எடுத்தாரல" என்கிறாள். இந்தா, என்னுடையதைப் போட்டுக்கொள். இனி எனக்கு இந்தத் திரை தெரியாது. நீ வாசித்தால்தான் நான் கேட்க முடியும். இத்தனை வருடமாக நீ வாயைத் திறந்தாலே இடையில் நிறுத்தித் திருத்தியவள் நான். இன்று எப்படி வாசித்தாலும் நிறுத்த மாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், அடுப்பை மறந்து அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும் என் நன்றி, அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒலிவாங்கியை அவளிடம் கொடுக்கிறேன்.

வாசி, சந்திரகலா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாயா என்பதையும் இதிலேயே சொல்லிவிடு.