தோத்தாத்தான் பேசுவார்

– ஆம்பளைக் குரல்தான். எனக்கென்ன காது அடைச்சா போச்சு? நேத்து மத்தியானமும் கேட்டுச்சு, இன்னிக்குக் காலையிலயும் கேட்டுச்சு. தப்பா நினைச்சுக்காத. கேட்டேன், அவ்ளோதான்.

– ம்.

– ம்னா? இருக்குங்கறியா, இல்லைங்கறியா?

– இருக்கு அக்கா.

– ஐயய்யோ. இப்படிப் பொசுக்குன்னு ஒத்துக்குவேன்னு நான் எதிர்பார்க்கலையே. கொஞ்ச நேரமாவது மழுப்புவேன்னுல்ல வசதியா உக்காந்தேன். யாருடி? மூணாவது மாடி டியூஷன் மாஸ்டரா? அவருக்குச் சளி பிடிச்ச குரலாச்சே. இது கணீர்னு இருந்துச்சு.

– என் வீட்டுக்காரர்.

– ஏய். அவரை எடுத்துட்டுப் போனப்ப நானும்தானே வாசல்ல நின்னேன்.

– அவர் குரல் மட்டும். டிவியில. ஒரு சண்டை விளையாட்டு இருக்குல்ல, ரெண்டு பேர் மோதிக்கிற மாதிரி, அதுல உலையன்னு ஒருத்தன். தமிழ்ல அவனுக்குப் பேசினது இவர்தான்.

– அது தெரியாதா எனக்கு? கதவைச் சாத்திட்டு ‘ஆ’, ‘ஐயோ’, ‘ம்ஹக்’னு கத்திக் கத்திப் பழகுவாரே. நீதான் போட்டு அடிக்கிறேன்னு கீழ் வீட்டம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.

– தெரியும். அந்தம்மா எனக்குப் புத்தி சொல்ல வந்தாங்க.

– வந்தாளா? என்கிட்ட சொல்லவே இல்லை பாரு, அழுத்தக்காரி. சரி, விடு. அந்த உலையன் சினிமாவுல வந்தானே, அவனா?

– அவன்தான். முதல்ல விளையாட்டு. அது மூணு பாகம் வந்துச்சு. அப்புறம் கார்ட்டூன், அப்புறம் காமிக்ஸ். அப்புறம் பொம்மை. கடைசியா சினிமா.

– பொம்மை எங்க வீட்டுல கூட ஒண்ணு கிடந்துச்சே. வயித்தை அமுக்கினா கீச்சுக் குரல்ல ‘எந்திரி, விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு’ன்னு கத்தும்.

– அது எங்க வீட்டு வார்த்தை அக்கா.

– எது?

– அந்த எந்திரி. அவங்க எழுதிக் குடுத்தது ‘எழுந்திரு கோழையே, மீண்டும் மோது’ன்னு. உலையன் ஒருத்தனை அடிச்சு வீழ்த்திட்டு அவன் தலைமாட்டுல நின்னு சொல்லணும். இவருக்கு வாய் குளறிக்கிட்டே இருந்துச்சாம். சலிச்சுப்போய், காலையில என்னை எழுப்புற மாதிரியே சொல்லிட்டார். அங்க எல்லாரும் சிரிச்சுட்டு, இதுவே இருக்கட்டும்னுட்டாங்க. கடைசியில என்னைக் கூப்பிடுற வார்த்தையை மட்டும் வெட்டிட்டாங்க.

– ஓ.

– என்ன வார்த்தைன்னு கேக்கலையே நீங்க?

– எனக்கென்ன வந்துச்சு. மேல சொல்லு.

– அவ்வளவுதான். அந்த வரி ஹிட்டாயிடுச்சு. கார்ட்டூன்ல உலையனை ஸ்கூல் வாத்தியாராக்கி, அதைத் தூங்குற பிள்ளைங்ககிட்ட சொல்ல வெச்சாங்க. இளசான குரல் வேணும்னு வேற ஆளைப் போட்டாங்க. காமிக்ஸ்ல அவனுக்கு வாயே கிடையாது, முகமூடி. பலூன்ல எழுதியிருக்கும். அப்புறம் டீஷர்ட். எல்லாத்துலயும் அது இருந்துச்சு. இவரை யாரும் கூப்பிடலை.

– கேட்டிருக்கலாம்ல மனுஷன்?

– கேட்டா சிரிப்பார். எங்க சுத்தினாலும் நம்ம வீட்டு வார்த்தைதானேம்பார்.

– சினிமாவுல உலையனா நடிச்ச அந்த ஹீரோ சொல்லும்போது நான் விசிலடிச்சேன்டி, நிஜமா. அப்புறம் வீட்டுக்கு வந்து யோசிச்சா, வில்லன் செத்தே போயிட்டான். செத்தவனைப் போய் எந்திரிங்கறானே!

– நாங்களும் போனோம். அவருக்கு உடம்புக்கு வர்றதுக்கு முன்னாடி. நான் பாதியில தூங்கிட்டேன். தியேட்டரே கத்துச்சாம், எனக்குத் தெரியலை. படம் முடிஞ்சு லைட் போட்டப்புறம் எழுப்பினார்.

– என்ன சொல்லி?

– அதையே சொல்லித்தான்.

– … ம். நீ சாப்பிட்டியா?

– சாப்பிட்டேன்னு நினைக்கிறேன். தட்டு கழுவின மாதிரி ஞாபகம்.

– வேலைக்கு எப்பப் போறதா உத்தேசம்? உங்க பல் டாக்டர் ஒரு தடவை கிளினிக்லேர்ந்து ஆள் அனுப்பினார். நான்தான் நீ குளிக்கிறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

– போகணும்.

– அப்ப நாள் பூரா இந்த விளையாட்டுதானா? ஜெயிக்கிறியா?

– தோக்குறேன்.

– பழகலையா இன்னும்?

– பழக்கம் எல்லாம் இருக்கு. நான் ஜெயிச்சா என் ஆளுதான் பேசுவா. உலையன் வெறும் ‘ஆ’ன்னு விழுந்துடுவான். தோத்தாத்தான் பேசுவார். அதனால நான் எந்தப் பட்டனையும் அமுக்க மாட்டேன். சும்மா நிப்பேன். வந்து அடிப்பார். விழுவேன். அப்புறம் சொல்வார்.

– அழுவியா?

– இல்லையே. ஒண்ணும் வரலை. மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன்.

– அந்தக் குரலைப் போன்ல பிடிச்சு வெச்சுக்கலாமே. தினம் அடி வாங்கணுமா?

– பிடிக்கலாம். பிடிச்சா முடிஞ்சுபோன மாதிரி ஆயிடும். இதுல அவர் எங்கிருந்தோ நடந்து வர்றார்ல.

– ம்ம். சரி, நான் எதுக்கு வந்தேன்னா… குரலைக் கேட்டுட்டுப் போகத்தான். அது ஒண்ணு. இன்னொண்ணு, நாலஞ்சு நாளா உங்க நெட் வரலை. உன் வீட்டுக்காரர்தான் பாஸ்வேர்டு குடுத்தார், நானா ஒண்ணும் திருடலை. என் சீரியல்ல ஒருத்தி மாடிப்படியில உருள ஆரம்பிச்சவ இன்னும் கீழ வந்து சேரலை.

– நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன் அக்கா. சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க.

– ஏன்?

– சினிமா நல்லா ஓடுச்சுல்ல. விளையாட்டுலயும் உலையனுக்கு அந்த ஹீரோ குரலையே போடுறாங்களாம். அப்டேட்டுனு வரும். நெட் இருந்தா அதுவே இறங்கி, பழைய குரலை அழிச்சுட்டுப் புதுசைப் போட்டுக்கும், நம்மைக் கேக்காது. அதான் நெட்டே வேண்டாம்னு விட்டுட்டேன்.

– எந்த… எந்தப் பெட்டியை ஆஃப் பண்ணினே?

– வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல இருக்குல்ல.

– பச்சை லைட்டு எரியுமே, அது.

– ம்.

– கண்ணு. நான் உள்ள வரும்போது லைட் எரியலையேன்னு பார்த்தேன். பின்னாடி ஒயர் கழண்டு கிடந்துச்சு. எலி கிலி இழுத்துடுச்சோன்னு… மாட்டிவிட்டுட்டேன்டி.

– வரும்போதேவா?

– வரும்போதே.

– நாம ரொம்ப நேரமா பேசிட்டிருக்கோம்.

– நான்தான் பேசிட்டிருக்கேன். இந்த வாய் இருக்கே. நீ போட்டுப் பாரேன். இறங்கியிருக்காது. எங்க வீட்டுல ஒரு பாட்டு இறங்கவே அரை நாள் ஆகும்.

– அந்த ரிமோட் மாதிரி இருக்கே, அதை எடுங்க. டிவிக்குப் பக்கத்துல.

– இந்தா. இதுல நீ யாரு? இந்தச் சிவப்புத் துணிக்காரியா? ஏன்டி, நகரு! ஒதுங்கியாவது நில்லேன்! பார்க்கிற எனக்கே வலிக்குது. ஐயோ, விழுந்துட்டா.

– எந்திரிரீ! விடிஞ்சு! எவ்ளோ! நேரமாச்சு!

– டிவியில பேசுறது அவர் இல்லையே.

– இல்லை.

– பின்னாடி இடி வேற இடிக்குது.

– ம்.

– திட்டிடுடி என்னை. செருப்பால வேணும்னாலும் அடி. ஸ்டாண்டு மேல என்னோடதும்தான் கிடக்கு.

– திட்டணும்னுதான் பாக்குறேன் அக்கா. வரலை. ஒயரைத் தெரிஞ்சா மாட்டினீங்க?

– இருந்தாலும்.

– நீங்க கிளம்புங்க. நான் படுக்குறேன்.

– இந்தப் பட்டப்பகல்லயா?

– ம். சாயங்காலம் எழுப்பிடாதீங்க. காலையிலயும் வேண்டாம்.

– என்னடி பேச்சு இது? ஏய், முகத்தோட போர்த்திக்காத. எடு. எடுடிங்கறேன். சரி, எடுக்காத. நான் ஒண்ணு சொல்றேன், உள்ள இருந்தே கேளு. எங்க வீட்டுல அலாரம் கிடையாது. உங்க ரூமுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல இந்த ஒரு சுவர்தான். அதுக்கு அந்தப் பக்கம் என் தலைமாடு. நீங்க குடிவந்த நாள்லேர்ந்து, உன் வீட்டுக்காரர் உன்னை எழுப்பினா எந்திரிக்கிறது நான்தான். நீ எங்க எந்திரிச்சே? நான் பால் காய்ச்சி, குளிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் மனுஷன் அதையே பாட்டா படிச்சுட்டிருப்பார்.

– ஒட்டுக் கேட்டீங்களா?

– கேட்டேன். அவ்ளோதான்.

– முழுசாவா?

– முழுசாத்தான். வெட்டுறதுக்கு நான் என்ன கம்பெனியா?

– … சொல்லுங்க அக்கா.

– எனக்கு அவர் குரல் வராதுடி. அந்த இழுவை மட்டும்தான் வரும்.

– சொல்லுங்க.

– எந்திரி. விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு… என் துணி மூட்டை.