டிக்கியில் பட்டாசு இருந்தது

என் பெயர் தேவயானி, வயது 31, கணவர் பெயர் சரத்குமார். பெரம்பலூர் மாவட்டம், குன்னம், மேலத்தெருவில் குடியிருந்து வருகிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் டிராக்டர் உதிரிபாகக் கடை நடத்துகிறார். எங்களுக்கு சுவாதி என்ற ஐந்து வயது மகள் இருக்கிறாள்.

கடந்த வெள்ளிக்கிழமை, என் நாத்தனார் வினோதினியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வெடிக்கப் பட்டாசு வாங்குவதற்காக நாங்கள் மூவரும் எங்கள் சொந்தக் காரில் அரியலூருக்குப் போனோம். அங்கே சார்ஜ் போடக் கொடுத்திருந்த டிராக்டர் பேட்டரியை வாங்கி டிக்கியில் வைத்தோம். அதன் பிறகு உரிமம் உள்ள பட்டாசுக் கடைக்குப் போய் சரவெடிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கினோம். கடைக்காரர், "சொந்த கார்ல இவ்வளவு ஏத்தக் கூடாதுங்க, எங்க லைசென்ஸ் வண்டியில நாளைக்கு அனுப்புறேன்" என்று சொன்னார். என் கணவர், "இந்தா இருக்கு குன்னம்" என்று சொல்லி, பெட்டிகளைப் பேட்டரியை ஒட்டி அடுக்கினார். பேட்டரியை என் காலடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம் என்று டிக்கியை மூடிவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் குன்னம் நோக்கி வந்துகொண்டிருந்தபோது, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே மேட்டில் கார் தூக்கிப்போட்டது. சற்று நேரத்தில் பின்பக்கம் புகை வந்தது. என் கணவர் வண்டியை நிறுத்தினார். நாங்கள் இருவரும் இறங்கி, பாப்பா இருந்த பின் கதவை இழுத்தோம். கதவு திறக்கவில்லை. அதற்குள் டிக்கியில் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. என் கணவர் என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அப்போது காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த இளையபெருமாள் என்பவர் ஓடிவந்து, மண்வெட்டியால் கண்ணாடியை உடைத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு என் மகளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். அவருடைய சட்டைக் கை எரிந்துகொண்டிருந்தது. அவர் பெயரைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் மகளுக்குத் தலைமுடி மட்டும் கருகியிருந்தது. கார் முழுவதும் எரிந்துவிட்டது.

மறுநாள் என் கணவரின் அண்ணன் கலைவாணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பன்றி விரட்ட இளையபெருமாள் போட்ட வெடி காரில் விழுந்து தீப்பிடித்ததாகப் புகார் எழுதி, அதில் என் கணவரிடம் கையெழுத்து வாங்கினார். நான் எதற்கு இப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பட்டாசு ஏத்துனது தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான், ஏஜெண்டே சொல்லிட்டான். தம்பி மேல கேஸும் வரும். நீயும் இதையே சொல்லும்மா."

"அந்த ஆளு மேல கேஸ் வருமே மாமா."

"ஆஸ்பத்திரி செலவ நாம பாத்துக்குவோம்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு இன்று காலை அரியலூர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். இளையபெருமாளுக்கு இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேல் வரை கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாப்பா பயந்துக்கிச்சாம்மா? ராத்திரி தூங்குதா?" என்று கேட்டார். பிறகு, "யாரோ இவரு மேல புகார் குடுத்திருக்காங்களாம். இவரு வெடியே வாங்குனதில்ல, தகரத்தத்தான் தட்டுவாரு" என்றார். புகார் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான் என்று நான் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டி நின்றது. பிறகு மீண்டும் ஊட்ட ஆரம்பித்தார்.

நான் வெளியே வந்து என் கணவருக்கு ஃபோன் செய்து, காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். "என்னைய உள்ள தள்ளப் போறியா?" என்று கேட்டார். "நடந்ததச் சொல்லப் போறேங்க. நீங்களும் வந்து சொல்லுங்க" என்றேன். அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன் பிறகு நேரே இங்கே வந்தேன்.

காரில் பட்டாசு இருந்தது. வெளியிலிருந்து எந்த வெடியும் வந்து விழவில்லை. காருக்கு இழப்பீடு கிடைக்காது, என் கணவர் மீது வழக்கு வரும் என்பதெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன். இளையபெருமாள் மீது கொடுத்த புகார் பொய்.

மேற்கண்ட வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் என் மகளைக் காப்பாற்றியவரை "அவ்வழியே வந்த ஒரு நபர்" என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு இளையபெருமாள் என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் கண்டது. யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்)
ச. தேவயானி