தண்டவாளம் போடாத மேடு

இரவு இரண்டு மணி. கோபிப் பாலைவனத்தில், சுரங்கத்திலிருந்து சீன எல்லைக்குப் போகும் இதே மண்சாலை. லாரிக்குப் பின்னால் லாரி… இன்று நாம் நிற்கிறோமே, அதே மாதிரி. டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். என் மச்சானின் கூட்டாளி தம்தினுக்கு நடந்தது இது.

அவன் லாரியில் மனைவி ஓட்கோனும் எட்டு மாதக் குழந்தையும் இருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல்… உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஆஸ்பத்திரி எல்லை ஊரில். வரிசையோ அசையவில்லை. பக்கத்திலேயே ரயிலுக்காகப் போட்ட மேடு, காலியாக. மண் கொட்டிப் பத்து வருடம் ஆகிறது. தண்டவாளம் அகலமா, குறுகலா என்று தலைநகரில் இன்னும் சண்டை. ரிப்பன் வெட்ட மட்டும் வருடம் தவறாமல் வந்துவிடுவார்கள். எரிச்சல் வராதா? தம்தின் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே லாரியை ஒடித்து, அந்த மேட்டில் ஏற்றினான்.

இருட்டில் குழந்தையைக் கொண்டுபோனால் மூக்கில் அடுப்புக்கரி தடவுவோம் இல்லையா… குழந்தை இல்லை, முயல் என்று நினைத்து, திரியும் ஆவிகள் ஏமாந்து போகட்டும் என்று. லாரியில் அடுப்பேது? பின்னால்தான் நிலக்கரி குவிந்து கிடக்கிறதே. ஓட்கோன் அதில் கொஞ்சம் எடுத்துத் தடவிவிட்டாள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். பின்னால் ஒற்றை விளக்கு… தடக்… தடக்… வெறும் மண்ணில். பிரேக் தேயும் இரும்பு வாடை. லாரி தானாக நின்றுவிட்டது.

கண்ணாடியில் யாரோ ஒருவன் தட்டினான். ரயில்வேக்காரன் சட்டை, கையில் லாந்தர். முகத்தை இருவரும் பார்க்கவில்லை.

"மடியில என்ன?"

"குழந்தை இல்லண்ணே. முயலு," என்றாள் ஓட்கோன்.

மூடிய கண்ணாடி வழியே ஒரு விரல் உள்ளே வந்தது… குழந்தையின் மூக்கைத் தொட்டது. வெளியே அவன் அந்த விரலை நக்கிப் பார்த்தான்.

"முயல் இல்லம்மா. இது நம்ம சுரங்கத்துக் கரி. எங்க லோடு."

தடக்… தடக்… தாண்டிப் போய்விட்டது. கீழே, அந்தப் பாழாய்ப்போன வரிசை அப்போதுதான் நகரத் தொடங்கியது.

ஓட்கோன் மடியில் கம்பளி சுற்றியபடியே இருந்தது. முடிச்சுகூட அவிழவில்லை. பிரித்தாள்… உள்ளே ஒரு கரிக்கட்டி. அதே கனம். தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.