தமிழ் பேசாத குரல்

பொதுமக்களுக்கான அறிவிப்பில் வட்டார மொழி முதலில், இந்தி அடுத்து, ஆங்கிலம் கடைசியில் வர வேண்டும் என்பது விதி. அது நம் நாட்டு எல்லையோடு நின்றுவிடும் என்பது வண்ணார்பேட்டை எஸ்டிடி பூத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குத் தெரியவில்லை. துபாயில் டிரைவராக இருக்கும் கணவனின் மொபைலுக்கு அடித்து, பதிவுக் குரலை மட்டும் கேட்டுவிட்டு வந்தவள், கூட வந்த அக்காவிடம் சொன்னாள்:

"இன்னைக்கும் அந்தப் பொம்பளதான் பேசுதா லாத்தா. அரபியில ஒருக்க, இங்கிலீஷில ஒருக்க."

"நீதான் குர்ஆன் முழுக்க ஓதி முடிச்சவளாச்சே?"

"ஓதத்தானே தெரியும், அர்த்தமா தெரியும்? பொறுங்காளா, இனிமே கூப்பிடாதேங்காளா, அது தெரிஞ்சாப் போதும். தமிழும் சேக்கச் சொல்லி டெலிபோன் ஆபீசுக்கு மனு போட்டிருக்கேன்."

"ஏட்டி, துபாய்க்காரிய நம்ம ஆபீசுக்காரன் எப்படித் தமிழ் பேச வைப்பான்?"

"கேட்டுத்தான் பாப்பமே."

அந்த மனு எந்தெந்த மேசையில் உறங்கும் என்று டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்குத் தெரியும்.

பெருநாள் கழிந்து அதே வரிசையில் மறுபடியும் அவர்கள்.

"பதில் வந்துட்டு லாத்தா. அதுவும் இங்கிலீஷில."

"யாரு வாசிச்சா?"

"அவுகதான், பெருநாளைக்கு வந்தவுக லீவு முடிஞ்சு பெட்டி கட்டிக்கிட்டே வாசிச்சாக. நம்ம ஆபீசுக்காரங்களுக்கு அதுக்கு அதிகாரம் இல்லையாம்."

"அந்தப் பொம்பள என்ன சொல்லுதான்னு கேட்டியா?"

"கேட்டேன். போன் அணைஞ்சிருக்கு, பொறவு கூப்பிடுன்னுதானாம். அத அவுக வாயால இன்னொருக்கச் சொல்லச் சொன்னேன். அதுக்குள்ள வாசல்ல கார் வந்துட்டு."

"அப்போ பதில் வந்தது என்னைக்கு?"

"பெருநாளைக்கு மூணாம் நாளு. அவுக திரும்பிப் போன அன்னைக்கு."